கிர்நார்: எட்டு நிமிடமும் ஐயாயிரம் படிகளும்

குஜராத்தின் மிக உயர்ந்த மலைக்கு ரோப்வே வந்துவிட்டது. மூட்டுவலிக்காரர்களுக்கு விடுதலை. டோலி தூக்குபவர்களோ காற்றடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

கிர்நார் ரோப்வேயில் போக நினைப்பவர் மழையைவிடக் காற்றைப் பற்றிக் கவலைப்படுவது நல்லது. ஜூனாகத் கடைத்தெருவில் ஓர் இலைகூட அசையாமல் இருக்கலாம். அதே நேரத்தில் மலை மேலே, சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்படி காற்று அடித்துக்கொண்டிருக்கும். வேகம் வரம்பைத் தாண்டினால் கேபின்கள் நிற்கும், டிக்கெட் கவுன்டர் மூடும். மழைக்காலத்தில் தொடர்ந்து சில நாட்கள்கூட இப்படிப் போவதுண்டு.

அப்படிப்பட்ட ஒரு காலையில் பவநாத் தலேட்டியில் நின்று பார்க்க வேண்டும் (தலேட்டி என்றால் மலையடிவாரம்). ராஜ்கோட்டிலிருந்தும் அகமதாபாத்திலிருந்தும் வந்த குடும்பங்கள், நகராத கம்பியை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். பாட்டியை என்ன செய்வது என்று மகன்களுக்குள் விவாதம் நடக்கும். அந்த விவாதம் முடிவதற்குள், தோளில் துண்டோடு டோலிக்காரர்கள் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். ரோப்வேக்குக் கெட்ட நாள் அவர்களுக்கு நல்ல நாள்.

சௌராஷ்டிராவில் ராஜ்கோட்டிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கும் நகரம் ஜூனாகத். 1947ல் தன் சமஸ்தானத்தைப் பாகிஸ்தானோடு சேர்ப்பதாக அறிவித்த நவாப், விமானத்தில் கராச்சிக்குப் பறந்துவிட்டார். பிறகு 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரின் எந்த மூலையிலிருந்து கிழக்கே திரும்பினாலும் கிர்நார் தெரியும். ஒரே மலையல்ல, பல சிகரங்களின் கூட்டம். அதில் உயர்ந்தது கோரக்நாத் சிகரம். ஆயிரம் மீட்டருக்கு மேல். குஜராத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. கடல் மட்டத்துக்கு அருகே கிடக்கும் சமவெளியிலிருந்து சடாரென்று எழுவதால் இன்னும் உயரமாகத் தோன்றுகிறது.

இந்த மலையில் ஏறுவதற்கு 9,999 படிகள் என்பது பக்தர்களின் கணக்கு. பத்தாயிரம் என்று முழுதாக்கிச் சொல்பவர்களும் உண்டு. ஏறக்குறைய 4,000 படிகளில் சமணக் கோயில்கள், 5,000 வாக்கில் அம்பாஜி அம்மன் கோயில், அதற்கப்பால் கோரக்நாத், கடைசியில் தத்தாத்ரேயர் பாதம். சாதாரண ஆள் அம்பாஜியைத் தொட இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் இங்கே ஏறி இறங்கும் போட்டி நடக்கிறது. அதில் வெல்லும் இளைஞர்கள் அம்பாஜி வரை ஓடிப் போய்த் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வேறு ஜாதி.

ரோப்வே இந்த ஐயாயிரம் படிகளை ஏழெட்டு நிமிடங்களில் தாண்டுகிறது.

அதை அமைத்து முடிக்கத்தான் அவ்வளவு காலம் பிடித்தது. 1980களில் பேச்சு தொடங்கியது. 2007ல் அன்றைய முதல்வர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். 2020 அக்டோபர் 24 அன்று, பிரதமராகிவிட்ட அவரே டெல்லியில் இருந்தபடி வீடியோ மூலம் திறந்துவைத்தார். இடையில் தடையாக நின்றவை காடும் அதன் குடிமக்களும். கிர்நார் காடு 2008ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆசியச் சிங்கங்கள் என்றால் கிர் காடு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிர்நாரிலும் அவை குடும்பத்தோடு வாழ்கின்றன. இரவில் தலேட்டிப் பக்கம் உலா வருவதும் உண்டு. மலையின் செங்குத்துப் பாறைகளில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்தால் நாடு முழுக்க லட்சக்கணக்கில் செத்து, மிஞ்சிக் கிடக்கும் பறவை இது. அதன் கூட்டுக்குப் பக்கத்தில் கம்பி இழுக்கலாமா என்ற கேள்வி பல காலம் ஃபைல்களில் சுற்றியது. 2011ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. 2.3 கி.மீ. நீளம், சுமார் ரூ.130 கோடி செலவு.

கேபினுக்குள் எட்டுப் பேர். நிலையத்துக்குள் வரும் கேபின், ஓடும் கம்பியைத் தன் பிடியிலிருந்து விட்டுவிட்டு, நடக்கும் வேகத்தில் மெல்ல ஊர்கிறது. அதனால்தான் தடியூன்றிய கிழவியும் நிதானமாக ஏறி உட்கார முடிகிறது. கதவு மூடியதும் கேபின் மறுபடி கம்பியைக் கவ்விக்கொள்கிறது. ஒரு சின்ன உலுக்கல். அடுத்த நொடி தரை காலடியிலிருந்து விலகிவிடும். "ஜெய் கிர்நாரி" என்ற கோஷம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுகிறது. பக்தி பாதி, பயம் பாதி.

முதல் இரண்டு நிமிடங்கள் காடு. கோடையில் காய்ந்த பழுப்பு, ஆடியில் கண் கூசும் பச்சை. பிறகு கருத்த பாறைச் சுவர் எதிரே வந்து நிற்கிறது. கேபின் அதில் மோதுவதுபோலப் போய், கோபுரத்தைத் தாண்டும்போது கடகடவென்று அதிர்ந்து மேலேறுகிறது. குழந்தைகள் கூச்சலிடுகிறார்கள், பெரியவர்கள் செல்போனை எடுக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, பாறையில் கோணல்மாணலாகக் கோடு கிழித்ததுபோல வெள்ளையாக ஒன்று தெரிகிறது. படிகள். அதில் எறும்புகள்போலச் சில புள்ளிகள் ஊர்கின்றன.

கம்பியைப் பற்றிய பயம் வெறும் பிரமை அல்ல. 2003ல் இதே குஜராத்தில் பாவாகத் மலை ரோப்வே விபத்தில் பக்தர்கள் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் திரிகூட மலையில் கேபின்களில் சிக்கியவர்களை ஹெலிகாப்டர்களால் மீட்டு முடிக்க நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2025 செப்டம்பரில் பாவாகத்திலேயே சரக்கு ரோப்வே அறுந்து ஆறு பேர் இறந்தார்கள். கிர்நாரில் காற்று கொஞ்சம் அதிகமானதும் கடையைக் கட்டிவிடுகிறார்களே என்று முணுமுணுப்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

மேல் நிலையத்தில் இறங்கியதும் ஒரு சிறு ஏமாற்றம் காத்திருக்கிறது. மலை முடியவில்லை. அம்பாஜி கோயில் மட்டும் பக்கத்தில் இருக்கிறது. புதுமணத் தம்பதிகள் சேலை முனையையும் அங்கவஸ்திரத்தையும் முடிந்துகொண்டு வந்து வணங்கும் கோயில். பெரும்பாலான ஒருநாள் பயணிகள் அங்கே தேங்காய் உடைத்து, நாலு போட்டோ எடுத்து, திரும்பும் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். கோரக்நாத்துக்கு இன்னும் ஏற வேண்டும். தத்தாத்ரேயருக்கோ ஒரு பள்ளத்தில் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, மறுபடி செங்குத்தாக ஏற வேண்டும். எதிர்ச் சிகரத்தின் நுனியில் தீப்பெட்டிபோல ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கோயிலைப் பார்த்ததும், பாதிப் பேருக்கு இங்கிருந்தே கும்பிட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது.

சமணர்களின் நிலை இன்னும் விசித்திரம். அவர்களுக்கு இந்த மலையே நேமிநாதரின் மலை. 22வது தீர்த்தங்கரர். கல்யாண ஊர்வலத்தில் போய்க்கொண்டிருந்த இளவரசர், விருந்துக்கு அறுக்கக் கட்டிவைத்திருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டுத் தேரைத் திருப்பிவிட்டார். மணப்பெண் ராஜிமதியும் அவரைப் பின்பற்றித் துறவியானாள். அவர் முக்தி அடைந்த இடம் கிர்நார் என்பது நம்பிக்கை. ஆனால் கேபின் அவருடைய கோயிலைத் தாண்டிப் போய் அம்பாஜியில்தான் இறக்கிவிடுகிறது. ஆகவே சமண யாத்ரிகர் ரோப்வேயில் ஏறி, பிறகு ஏறக்குறைய ஆயிரம் படிகள் கீழே நடந்து வர வேண்டும். அதன்பின் ரோப்வேக்காக மறுபடி ஏறலாம், அல்லது 4,000 படிகளையும் இறங்கியே தீர்க்கலாம். முழங்கால் வலிக்குப் பயந்து ரோப்வே பிடித்தவருக்கு இரண்டுமே நல்ல செய்தி அல்ல. இறக்கம்தான் மூட்டைப் பதம் பார்க்கும்.

இருந்தாலும் இந்த ஆயிரம் படிகளை விட்டுவிடக் கூடாது. 12ம் நூற்றாண்டில் எழுந்த நேமிநாதர் கோயிலில் கறுப்பு மூலவர், சுற்றிலும் வரிசையாகச் சிறு சன்னதிகள். அதன் பின்னே, அமைச்சர்களாக இருந்த வஸ்துபால-தேஜபால சகோதரர்கள் 13ம் நூற்றாண்டில் கட்டிய மூன்று கருவறைக் கோயில். இவ்வளவு கல்லும் இவ்வளவு உயரத்துக்கு ஆள் தோளில் வந்ததுதானே என்ற நினைப்பு வந்தால், பளிங்குத் தூணைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

நேமிநாதர் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். சித்தராஜன் என்ற சோலங்கி அரசனின் அதிகாரி சஜ்ஜனன், சௌராஷ்டிராவின் வரிப் பணத்தை எடுத்து, கேட்காமலே கோயில் கட்டிவிட்டான். ராஜா கணக்குக் கேட்டு வந்தபோது, வியாபாரிகள் அந்தத் தொகையைத் திரட்டித் தயாராக வைத்திருந்தார்களாம். பணம் வேண்டுமா, புண்ணியம் வேண்டுமா என்று கேட்டான் சஜ்ஜனன். ராஜா புண்ணியத்தை எடுத்துக்கொண்டான். கிர்நாரில் எதைத் தொட்டாலும் கடைசியில் யார் பணம், யார் தோள் என்ற கேள்வியில்தான் போய் முடிகிறது.

இப்போது மிதிபடும் படிகளுக்கே ஒரு பணக் கதை உண்டு. பழைய பாதை சிதைந்துபோக, 1889ல் நவாப் ஆட்சியில் லாட்டரி நடத்திப் பணம் திரட்டினார்கள். 1908ல் வேலை முடிந்தது. இந்துக்களும் சமணர்களும் ஏறும் மலைக்கு, முஸ்லிம் சமஸ்தானத்தில், பரிசுச் சீட்டுப் பணத்தில் படிகள். இன்று யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை.

ரோப்வே கட்டணம் அப்படி அமைதியாகக் கடந்து போகவில்லை. போய்வர பெரியவர்களுக்கு ரூ.700, குழந்தைகளுக்குப் பாதி என்று தொடக்கத்தில் அறிவித்ததுமே ஜூனாகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பாவாகத்தில் இதைவிட மிகக் குறைவு என்பது ஊர்க்காரர்களின் வாதம். அந்தக் கணக்கில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் போய்வர ரூ.2,100. படிகளில் ஏறினால் செலவு எலுமிச்சை சர்பத்துக்கு மட்டும். தலேட்டியில் நிற்கும் சௌராஷ்டிர விவசாயக் குடும்பங்களில் பல, ரோப்வே நிலையத்தை ஒரு முறை வேடிக்கை பார்த்துவிட்டுப் படி வாசலை நோக்கி நடப்பதற்கு பக்தி மட்டும் காரணம் இல்லை.

இனி டோலி. சபரிமலை போனவர்களுக்கு அது புதிதல்ல. கிர்நார் டோலி இன்னும் எளிமையானது. ஒரு சதுரப் பலகை, அதன் நாலு மூலையிலும் கயிறு, மேலே ஒரு கம்பு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். உட்காருபவர் கனமானவர் என்றால் நாலு பேர். பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே போவார். தூக்குபவர்கள் சில படிகளுக்கு ஒரு முறை, நடையை நிறுத்தாமலே தோள் மாற்றிக்கொள்வார்கள். கூலி எடைக்கு ஏற்றபடி. இதற்காக அடிவாரத்தில் பெரிய தராசு வைத்திருந்தார்கள். தானிய மூட்டைபோல, எல்லோர் முன்னாலும் ஏறி எடை காட்ட வேண்டும். ஒரு தட்டில் சேட்ஜி, மறு தட்டில் எடைக்கல். 1990களில் கிர்நார் வந்த வெளிநாட்டுப் பயணிகள் மலையை மறந்தாலும் இந்தத் தராசை மறக்கவில்லை.

சங்கடம் சுமக்கப்படுபவருக்கு மட்டும்தானா? தொண்ணூறு கிலோவைத் தோளில் வைத்து ஐயாயிரம் படி ஏறுபவரின் முழங்காலும் தோள்பட்டையும் நாற்பது வயதுக்குமேல் என்ன ஆகும் என்று யாரும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனைச் சுமப்பது ஒழிய வேண்டிய தொழில்தான். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அது ஒழியும்போது, சுமந்தவருக்குக் கைமாறாக என்ன கிடைக்கிறது? ரோப்வே பேச்சு எழுந்த நாளிலிருந்தே டோலிக்காரர்கள் கேட்டுவந்த கேள்வி இது. மாற்று வேலை, கடை என்று பேச்சு நடந்தது. கேபின்கள் ஓடத் தொடங்கிய பிறகும் பலகையையும் கம்பையும் விடாமல் அவர்கள் மலையில் இருக்கிறார்கள் என்பதே பதிலைச் சொல்லிவிடுகிறது.

அவர்கள் தொழிலின் வழி மாறிவிட்டது. முன்பு அடிவாரத்திலிருந்து அம்பாஜிக்கு. இப்போது அம்பாஜிக்கு அப்பால் தத்தாத்ரேயருக்கு. அல்லது கீழே நேமிநாதருக்கு. கேபின் இறக்கிவிடும் இடத்துக்குப் பக்கத்தில் பலகையைச் சாய்த்துவைத்துக் காத்திருக்கிறார்கள். எட்டு நிமிடத்தில் மேலே வந்து, பாக்கியிருக்கும் படிகளைப் பார்த்துத் திகைப்பவர்தான் அவர்கள் வாடிக்கையாளர். ஒரு வகையில், முன்பு இந்த மலைக்கு வரவே துணியாத கிழவர்களை ரோப்வே அவர்களிடம் கொண்டுவந்து விடுகிறது. தூரம் குறைவு, கூலியும் குறைவு. கார்த்திகை மாதத்தில் காட்டு வழியே 36 கி.மீ. மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். மகா சிவராத்திரிக்குப் பவநாத்தில் நாகா சாதுக்கள் திரள்வார்கள். அந்த நாட்களில் எல்லோருக்கும் வேலை இருக்கும். சித்திரை வெயிலில், கம்பியும் நிற்காமல் ஓடினால், பலகை சாய்ந்தபடியே கிடக்கும்.

போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது. சனி, ஞாயிறு தவிர்த்தால் வரிசையும் குறையும். காலையிலேயே மேலே போய்விட்டால், சமணக் கோயில்களைப் பார்த்துப் படி வழியாக மதியத்துக்குள் இறங்கலாம். அப்படிச் செய்தால் மாலையில் இன்னொரு காரியத்துக்கு நேரம் கிடைக்கும். ரோப்வே பயணிகளில் பெரும்பாலோர் செய்யாத காரியம்.

தலேட்டியிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் சாலையில், நரசிம்ம மேத்தா நீராடியதாகச் சொல்லும் தாமோதர் குண்டத்தைத் தாண்டியதும், ஓரமாக ஒரு கட்டடம் நிற்கிறது. உள்ளே ஒரே ஒரு பாறை. படுத்திருக்கும் யானைபோல. கி.மு. 3ம் நூற்றாண்டில் அசோகர் தன் பதினான்கு கட்டளைகளை பிராமி எழுத்தில் இதில் வெட்டவைத்தார். இரண்டாவது கட்டளையில் சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் வருகிறார்கள். அவர்கள் நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், வழியெங்கும் கிணறு, மரம் என்று அசோகர் சொல்லிக்கொள்கிறார். எட்டாவது கட்டளை சுற்றுலாக்காரர்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. முன்பெல்லாம் அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் யாத்திரை போனார்கள், நான் தர்ம யாத்திரை போகிறேன் என்கிறது அது. போன இடத்தில் முதியோரைப் பார்ப்பதும் அவர்களுக்குப் பொருள் கொடுப்பதும் அந்த யாத்திரையின் பகுதி.

அதே பாறையின் மற்றொரு பக்கத்தில் கி.பி. 150 வாக்கில் ருத்ரதாமன் என்ற சக மன்னன் சமஸ்கிருதத்தில் எழுதவைத்தான். கிர்நார் காற்றைப் பற்றிய மிகப் பழைய செய்தி அதுதான். ஊழிக்காற்றுபோல ஒரு புயல் அடித்தது. மலை உச்சிகள், மரங்கள், வாயில்கள் எல்லாம் பெயர்ந்து விழுந்தன. சந்திரகுப்த மௌரியர் காலத்தில் வெட்டிய சுதர்சன ஏரியின் கரை 420 முழ நீளத்துக்கு உடைந்து, ஏரி பாலைவனமானது. உடைப்பு மிகப் பெரியது, அடைக்க முடியாது என்று அமைச்சர்கள் கையை விரித்தார்கள். மக்கள் கதறினார்கள். சுவிசாகன் என்ற ஆளுநன்தான் முன்வந்து கரையை முன்னைவிட உறுதியாகக் கட்டி முடித்தான். இதற்காக மக்கள்மீது வரி விதிக்கவில்லை, கூலியில்லா வேலை வாங்கவில்லை, தன் கருவூலத்திலிருந்தே பெரும் செலவு செய்தேன் என்று ருத்ரதாமன் பாறையில் பதிந்துவைத்திருக்கிறான். மூன்று நூற்றாண்டுகள் கழித்து ஏரி மறுபடி உடைந்தது. ஸ்கந்தகுப்தன் காலத்தில் அடைத்தார்கள். அதுவும் இதே பாறையில் இருக்கிறது. ஏரி இன்று இல்லை.

மாலையில் காற்று எழும்பும் நேரத்தில், கடைசிக் கேபின்களில் இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோக்கள் இந்தக் கட்டடத்தைத் தாண்டி விரைகின்றன. மேலே, அன்றைக்கு இரண்டு நடை கிடைத்த டோலிக்காரர்கள் பலகையைக் கயிற்றோடு சுருட்டி, படி வழியாக இறங்கிக்கொண்டிருப்பார்கள்.